சோடியம் தன் எலக்ட்ரானை விரும்பியா கொடுக்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். சோடியம் ஒரு எலக்ட்ரானை இழக்க விரும்புகிறது, குளோரின் அதை ஏற்க விரும்புகிறது, இருவரும் எட்டு எலக்ட்ரான் பெற்று நிலைத்தன்மை அடைகிறார்கள் என்று பத்தாம் வகுப்பில் படித்தீர்கள். பதினொன்றாம் வகுப்பில் அயனியாக்கும் ஆற்றல் என்ற பாடம் வந்து, அதே எலக்ட்ரானை நீக்க மோலுக்கு 496 கிலோஜூல் செலவாகும் என்கிறது. "விரும்பிக் கொடுப்பவரிடமிருந்து வாங்க எதற்கு இவ்வளவு செலவு? இரண்டில் எது பொய்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வில் எதை எழுதுவது என்ற கவலையும் கேள்வியின் கடைசி வரியில் இருக்கிறது.

மேல்நிலை வகுப்புகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் எடுத்தவன் நான். இந்தக் கேள்வியைக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் இரண்டையும் வேறு வேறு பக்கங்களில் மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுவார்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதே கண்ணில் படாது. உங்களுக்குப் பட்டிருக்கிறது. அதனால் சுருக்கமாக முடிக்காமல் முழுதாகவே சொல்கிறேன்.

496 என்பது அளந்து பார்த்த உண்மை. பொய் என்று சொல்ல வேண்டுமானால் "விரும்புகிறது" என்ற சொல்லைத்தான் சொல்ல வேண்டும். தனியாக, வாயு நிலையில் நிற்கும் சோடியம் அணு தன் எலக்ட்ரானைச் சும்மா விடாது. சோடியம் மட்டுமல்ல, எந்த அணுவும் விடாது. நிலையான தனிமங்களில் மிக எளிதாக எலக்ட்ரானை இழப்பது சீசியம். அதற்கே மோலுக்கு 376 கிலோஜூல் கொடுத்தாக வேண்டும். அணுக்கரு நேர்மின் சுமை, எலக்ட்ரான் எதிர்மின் சுமை. ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டிருப்பதைப் பிரிக்கிறோம் என்றால் செலவு இல்லாமல் எப்படி நடக்கும்? 496 கிலோஜூல் என்றால் எவ்வளவு என்று மனதில் ஓர் அளவு இருக்கட்டும்: ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கலாம். வெறும் 23 கிராம் சோடியத்துக்கு, அதாவது ஒரு மோலுக்கு, இந்தச் செலவு.

சரி, குளோரின் ஆசையாக வாங்கிக்கொள்வதால் அந்தச் செலவு ஈடாகிவிடுமா? இங்கேதான் பெரும்பாலான விளக்கங்கள் வழுக்கி விழுகின்றன. குளோரின் அணு ஒரு எலக்ட்ரானை ஏற்கும்போது ஆற்றல் வெளிவருவது உண்மைதான். அதைத்தான் எலக்ட்ரான் நாட்டம் என்கிறோம். தனிமங்களிலேயே குளோரினுக்குத்தான் அது அதிகம். ஆனால் அந்த அதிகபட்சமும் 349 கிலோஜூல்தான். சோடியத்திடம் 496 கொடுத்து வாங்கி குளோரினிடம் 349க்கு விற்றால் 147 நஷ்டம். சீசியத்திடம் வாங்கினாலும் 27 நஷ்டம். மிக மலிவாகக் கொடுப்பவரும் மிக அதிக விலைக்கு வாங்குபவரும் சேர்ந்தே கணக்கு கட்டவில்லை என்றால், ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் நிற்கும் எந்த இரண்டு நடுநிலை அணுக்களுக்கு இடையிலும் எலக்ட்ரான் தானாகக் கைமாறாது என்று துணிந்து சொல்லலாம். அணுவின் ஆசையை வைத்து அயனியை (எலக்ட்ரானை இழந்தோ ஏற்றோ மின்சுமை பெற்ற அணுவை) விளக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு கழித்தல் போதும்.

அப்படியென்றால் அந்த 147ஐ யார் கட்டுகிறார்கள்? அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்புதான் கட்டுகிறது. எலக்ட்ரான் கைமாறிய மறுகணம் ஒரு நேரயனியும் ஓர் எதிரயனியும் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று இழுத்து நெருங்க நெருங்க ஆற்றல் வெளிவருகிறது. மின்சுமைகளுக்கு இடையிலான விசையைச் சொல்லும் கூலும் விதியை வைத்துக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 0.95 நானோமீட்டர் தூரத்திலேயே இந்த ஈர்ப்பு 147ஐ ஈடுகட்டிவிடுகிறது. சாப்பாட்டு உப்பின் படிகத்தில் அடுத்தடுத்த சோடியத்துக்கும் குளோரினுக்கும் இடையே உள்ள தூரம் 0.28 நானோமீட்டர். அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் தள்ளி நிற்கும்போதே கைமாற்றம் லாபமாகிவிடுகிறது என்று பொருள்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. சோடியம் ஆவியையும் குளோரின் வாயுவையும் மிகக் குறைந்த அழுத்தத்தில் சந்திக்கவிட்டு மைக்கேல் போலானி என்ற வேதியியலாளர் ஆராய்ந்தபோது, அணுக்கள் முட்டிக்கொள்ளும் வேகத்தை வைத்து எதிர்பார்ப்பதைவிட வினை வேகமாக நடப்பது தெரிந்தது. 1930களில் அவர் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. கடலில் பெரிய மீன் மேல் கயிறு கட்டிய ஈட்டியை எறிவதுபோல, உலோக அணு தூரத்திலிருந்தே தன் எலக்ட்ரானை எறிகிறது. அது போய்ச் சேர்ந்ததும் இரண்டும் அயனிகளாகின்றன. நடுவில் உண்டாகும் மின் ஈர்ப்பு கயிறாக நின்று இரண்டையும் இழுத்துச் சேர்க்கிறது. பின்னாளில் மூலக்கூறுக் கற்றைகளைக் குறுக்கே மோதவிட்டுச் செய்த சோதனைகள் இந்தப் படத்தை உறுதிப்படுத்தின. வேதிவினைகள் அணு அளவில் எப்படி நடக்கின்றன என்ற ஆய்வுகளுக்காக 1986இல் டட்லி ஹெர்ஷ்பாக், யுவான் லீ, ஜான் போலானி மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஜான், மைக்கேல் போலானியின் மகன்.

ஒரே ஒரு ஜோடியோடு கதை நிற்பதில்லை. உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன, ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் அயனிகள். சிதறிக் கிடக்கும் வாயு அயனிகள் இப்படி வந்து அடுக்கிக்கொள்ளும்போது மோலுக்கு 787 கிலோஜூல் வெளிவருகிறது. இதுதான் படிகக்கூடு ஆற்றல். இப்போது முழு வரவு செலவையும் எழுதிப் பாருங்கள். திட சோடியத்தைத் தனி அணுக்களாக்க 107. குளோரின் மூலக்கூறை உடைத்து ஓர் அணு எடுக்க 122. எலக்ட்ரானை நீக்க 496. மொத்தச் செலவு 725. குளோரின் ஏற்றதில் வரவு 349, படிகம் அடுக்கியதில் வரவு 787, ஆக 1136. மிச்சம் 411 கிலோஜூல். சோடியம் குளோரினில் எரியும்போது வெளிவரும் வெப்பத்தை நேரடியாக அளந்தாலும் இதே 411தான் கிடைக்கிறது. உங்கள் புத்தகத்தில் பார்ன்-ஹேபர் சுற்று என்ற பெயரில் வருவது இந்தக் கணக்குத்தான். பத்தாம் வகுப்புப் பாடத்துக்கும் அயனியாக்கும் ஆற்றலுக்கும் இடையே விடுபட்டுப்போன பாலம் அது. அதைத் தனிப் பாடமாக வைத்து வெறும் கூட்டல் கழித்தலாக நடத்துகிறோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆக, அயனியாவது ஓர் அணு தனியாக எடுக்கும் முடிவு கிடையாது. அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே அதைத் தீர்மானிக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக வந்து பொருந்தும்.

அடுத்து நீங்கள் நிச்சயம் கேட்பீர்கள்: படிகம் அவ்வளவு கொடுக்கிறது என்றால், சோடியம் இன்னொரு எலக்ட்ரானையும் விட்டால் சுமை இரட்டிப்பாகி ஈர்ப்பு இன்னும் கூடுமே, ஏன் ஒன்றோடு நிறுத்துகிறது? கூடும்தான். ஆனால் இரண்டாவது எலக்ட்ரானின் விலை 4562 கிலோஜூல், முதலாவதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல். காரணம் அணுவின் உள்ளமைப்பு. சோடியத்தின் கருவில் 11 புரோட்டான்கள். வெளிக்கூட்டில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரானுக்கும் கருவுக்கும் நடுவே 10 எலக்ட்ரான்கள் திரைபோல நிற்கின்றன. அதனால் அது உணரும் செயலுறு அணுக்கரு மின்சுமை, கணக்கிடும் முறையைப் பொறுத்து, இரண்டுக்குச் சற்று மேலிருந்து இரண்டரை வரைதான். அது போனபின் அடுத்து எடுக்க வேண்டியது உள்கூட்டைச் சேர்ந்தது. கருவுக்கு அருகில் இருக்கிறது, திரையும் மெலிது, அது உணரும் சுமை ஏழுக்கு மிக அருகில். அதை எடுக்கும் செலவை எந்தப் படிகமும் ஈடுகட்டாது.

குளோரின் பக்கமும் இதே கதைதான், தலைகீழாக. 17 புரோட்டான்கள். ஒரே கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று அவ்வளவாக மறைப்பதில்லை. அதனால் ஏழுக்கு அடுத்து எட்டாவதாக வரும் எலக்ட்ரானையும் கரு நன்றாகவே பிடிக்கிறது. ஒன்பதாவது வந்தால் புதிய கூட்டில், தொலைவில் உட்கார வேண்டும். ஏற்கெனவே எதிர்மின் சுமை பெற்ற அயனி அதைத் தள்ளவும் செய்யும். எட்டு என்ற எண் இப்படித்தான் வருகிறது. எட்டை அடைய வேண்டும் என்று அணு எதையும் செய்வதில்லை. செலவு திடீரென்று எகிறும் இடம் அங்கே இருக்கிறது. கணக்கு அங்கே நின்றுவிடுகிறது. நாம் எண்ணிப் பார்க்கும்போது எட்டு இருக்கிறது.

இதற்கு நல்ல சாட்சி ஆக்சைடு அயனி. ஆக்சிஜன் அணு முதல் எலக்ட்ரானை ஏற்கும்போது 141 கிலோஜூல் வெளிவரும். இரண்டாவதை ஏற்க வைக்க நாம்தான் 700 கிலோஜூலுக்கு மேல் செலவழிக்க வேண்டும். எட்டு நிறைந்துவிடுகிறது, ஆனாலும் செலவு! தனியாக, வெற்றிடத்தில் இரட்டை எதிர்மின் சுமை கொண்ட ஆக்சைடு அயனி நிற்காது, ஒரு எலக்ட்ரானைத் துப்பிவிடும். மெக்னீசியம் ஆக்சைடுபோன்ற படிகத்துக்குள் மட்டும் அது சௌகரியமாக வாழ்கிறது, ஏனென்றால் அந்தப் படிகம் அடுக்கியதில் வரும் வரவு ஏறக்குறைய 3800 கிலோஜூல். எட்டு எலக்ட்ரான் இருந்தாலே நிலைத்தன்மை என்ற வாக்கியம் ஆக்சிஜனிடம் வந்து உடைந்துபோகிறது.

இரும்பிடம் வந்தால் எட்டே இல்லை. இரண்டு எலக்ட்ரானை இழந்த இரும்பு அயனியின் வெளிக்கூட்டில் 14 எலக்ட்ரான், மூன்றை இழந்ததில் 13. அன்னபேதி உப்பை (இரண்டு எலக்ட்ரானை இழந்த இரும்பின் சல்பேட்) வாங்கித் திறந்து வைத்துப் பாருங்கள். வெளிர் பச்சையாக இருந்தது நாளாக நாளாக மேலே பழுப்பு படியும். காற்றில் உள்ள ஆக்சிஜன் இரும்பிலிருந்து மூன்றாவது எலக்ட்ரானையும் வாங்கிக்கொள்கிறது. இரண்டா மூன்றா என்பதைச் சூழல்தான் முடிவு செய்கிறது.

சோடியத்தையே எடுத்துக்கொள்வோம். அது எலக்ட்ரானை இழக்கும் தனிமம் என்றுதானே படித்திருக்கிறீர்கள்? 1974இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டை குழுவினர் சோடியத்தின் எதிரயனி கொண்ட படிகத்தைத் தயாரித்தார்கள். பொன்னிறப் படிகம். அதில் பாதி சோடியம் எலக்ட்ரானை இழந்து நேரயனியாக, கூண்டுபோன்ற ஒரு கரிம மூலக்கூறுக்குள் பத்திரமாக இருக்கிறது. மீதிப் பாதி அந்த எலக்ட்ரானை ஏற்று எதிரயனியாக நிற்கிறது. சோடியத்துக்கும் எலக்ட்ரான் நாட்டம் உண்டு, மோலுக்கு 53 கிலோஜூல். சிறியதுதான், ஆனால் கூண்டு நேரயனியை அரவணைத்துக்கொள்வதால் கணக்கு கட்டிவிடுகிறது. இதை முதன்முதலில் படித்த அன்று, வகுப்பில் அதுவரை "விரும்புகிறது" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று நினைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

மந்த வாயுக்களும் இந்தக் கணக்குக்கு விலக்கில்லை. 1962இல் வான்கூவரில் வேதியியலாளர் நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாபுளோரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுவதைக் கண்டிருந்தார். மந்த வாயுவான செனானின் அயனியாக்கும் ஆற்றலைப் பார்த்தார். ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே விலை, 1170 கிலோஜூல் அளவில். அப்படியானால் செனானிடமும் பறிக்க முடிய வேண்டுமே என்று இரண்டையும் கலந்தார். மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் ஒரு திடப்பொருள் படிந்தது. அந்தப் பொருள் அவர் முதலில் எழுதிய எளிய வாய்பாட்டைவிடச் சிக்கலானது என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் மந்த வாயு வினைபுரியாது என்ற நம்பிக்கை அன்றோடு முடிந்தது. அவர் செய்தது நீங்கள் இப்போது செய்துகொண்டிருக்கும் அதே காரியம்தான்: புத்தக வாக்கியத்தை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே ஒரு குழப்பம் வழக்கமாக வரும். உப்பைத் தண்ணீரில் போட்டதும் அயனிகள் உருவாகின்றன என்று எழுதுவார்கள். உருவாவதில்லை, படிகத்திலேயே இருந்தவை பிரிந்து போகின்றன. கரைசலில் அயனிகள் தனித்தனியாக உலவுகின்றன என்று 1887இல் ஸ்வான்டே அர்ரீனியஸ் எழுதியபோது, படிகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1913இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ்-கதிர் கொண்டு பார்த்த பிறகுதான், உப்புக்குள் தனித்தனி சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று ஒன்றே கிடையாது, மாறி மாறி அடுக்கிய வரிசைதான் இருக்கிறது என்று தெளிந்தது. அந்த அடுக்கைப் பிரிக்க 787 கிலோஜூல் வேண்டும். நீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்துகொள்ளும்போது ஏறத்தாழ அதே அளவைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. நான்கு கிலோஜூல்தான் குறையும். உப்பைக் கரைத்தால் தண்ணீர் சற்றே குளிர்வது அதனால்தான். ஹைட்ரஜன் குளோரைடு வாயுவின் கதை வேறு. அது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பு மூலக்கூறு. தண்ணீரைத் தொட்ட பிறகுதான் அங்கே அயனிகள் உண்மையிலேயே பிறக்கின்றன.

அயனி எலக்ட்ரானைத் திரும்பப் பெறுவதை உங்கள் சமையலறையிலேயே பார்க்கலாம். உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தால், நீலச் சுடர் ஒரு கணம் பளிச்சென்று மஞ்சளாகும். அந்த மஞ்சள் சோடியம் அயனி தருவதல்ல. சுடரின் சூட்டில் ஒரு எலக்ட்ரானைப் பெற்று நடுநிலை அணுவாக மாறிய சோடியம், சூட்டில் கிளர்ந்து 589 நானோமீட்டர் ஒளியை விடுகிறது. சுடரை விட்டு விலகியதும் மறுபடி சேர்மமாகிவிடும். அந்த எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்து உலோகமாகவே பிரித்தெடுக்க மின்சாரம் வேண்டியிருந்தது. ஹம்ப்ரி டேவி 1807இல் உருகிய காஸ்டிக் சோடாவில் மின்சாரம் செலுத்தித்தான் முதன்முதலில் சோடியத்தைக் கண்ணால் பார்த்தார்.

இதுவரை சொன்ன எண்கள் பெரும்பாலும் உறுதியானவை. பல வழிகளில் அளக்கப்பட்டவை. இனி அவ்வளவு உறுதியில்லாத இடத்துக்கு வருகிறேன். எலக்ட்ரான் முழுதாகக் கைமாறுகிறது என்று சொல்கிறோமே, அது எவ்வளவு உண்மை? சாப்பாட்டு உப்பில் ஏறக்குறைய முழு உண்மை. எக்ஸ்-கதிரால் எலக்ட்ரான் அடர்த்தியை வரைந்தால் சோடியத்துக்கும் குளோரினுக்கும் நடுவில் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். ஆனால் அணுவுக்கு வேலி கிடையாது. எந்த இடம் வரை சோடியத்துடையது, எங்கிருந்து குளோரினுடையது என்று நாம் கோடு போடும் விதத்தைப் பொறுத்து, சுமை ஒன்றாகவோ ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகவோ வரும். இதில் ஒரே சரியான விடை என்று எதையும் சொல்ல முடியாது. அலுமினியம் குளோரைடில் நிலைமை இன்னும் மங்கல். மூன்று எலக்ட்ரானை நீக்க 5140 கிலோஜூல். அவ்வளவு சுமை ஏறிய சிறிய அயனி, பக்கத்துக் குளோரைடின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்து உருக்குலைத்துவிடும். அந்தப் பொருள் 180 டிகிரி அளவிலேயே உருகாமல் நேரே பதங்கமாகி மூலக்கூறு ஆவியாகிறது. சோடியம் குளோரைடோ உருகவே 801 டிகிரி வேண்டும். அலுமினியத்துக்கு மூன்று நேர்மின் சுமை என்று நாம் எழுதுவது அங்கே கணக்குக்கு வைத்துக்கொண்ட ஆக்சிஜனேற்ற எண். அணுவில் உண்மையில் உள்ள சுமை அதைவிடக் குறைவு. பெர்மாங்கனேட்டில் மாங்கனீசுக்கு ஏழு என்று எழுதுவதும் அப்படித்தான்.

இன்னொரு வரம்பும் உண்டு. இந்த வரவு செலவு ஒரு மாற்றம் லாபமா நஷ்டமா என்று சொல்லும்; எவ்வளவு வேகமாக நடக்கும், எந்தப் படிகளில் நடக்கும் என்று சொல்லாது. சோடியம் கட்டி உண்மையில் அணு அணுவாக ஆவியாகி, எலக்ட்ரானை இழந்து, பிறகு வரிசையாக அடுக்கிக்கொள்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கணக்குக்காக நாம் வகுத்த பாதை அது. தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருக்கும்வரை எந்தப் பாதையில் கூட்டினாலும் மொத்தம் மாறாது என்ற ஹெஸ் விதியை நம்பித்தான் அப்படிக் கூட்டுகிறோம்.

இனி தேர்வு. பத்தாம் வகுப்புக் கேள்வி என்றால், சோடியம் ஒரு எலக்ட்ரானை இழந்து நியான் போன்ற எலக்ட்ரான் அமைப்பைப் பெறுகிறது என்று எழுதுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை, நடந்ததைச் சொல்கிறது. "விரும்புகிறது" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள், மதிப்பெண் குறையாது. மேல்நிலையில் "ஏன்" என்று கேட்டால் படிகக்கூடு ஆற்றலைக் கொண்டுவாருங்கள். அதற்கு முன் மெக்னீசியம் குளோரைடை வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். உலோகத்தை அணுவாக்க 148, ஒரு மோல் குளோரினை உடைக்க 243, முதல் எலக்ட்ரானுக்கு 738, இரண்டாவதற்கு 1451. இது செலவு. இரண்டு குளோரின் அணுக்கள் ஏற்பதில் 698, படிகத்தில் 2523. இது வரவு. 641 மிச்சம் வர வேண்டும். வந்ததும், மூன்றாவது எலக்ட்ரானின் விலையான 7733ஐயும் செலவுப் பக்கம் எழுதி, ஈடுகட்டப் படிகம் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள். கணக்கு எங்காவது இடித்தால் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.